முதலில் நாடி, பிறகு ஓட்டம்: கோலார் தங்கவயல் மாணவர்களுக்கு

கோலார் தங்கவயலில் உடம்பு வலுவைப் பற்றி யாரும் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 3 கிலோமீட்டருக்கும் ஆழமான சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கிப் பாறையைத் துளைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் கல்லூரிக்குப் போகிறார்கள். ஆனால் அந்தத் தாத்தாக்களில் பலருக்குத் தோள் இரும்பாக இருந்தபோதே சிலிகா தூசி நுரையீரலைத் தின்றுகொண்டிருந்தது. இங்குள்ள தொழிலாளர்களிடம் சிலிகோசிஸ் பரவியிருந்ததை 1940களிலேயே மருத்துவர்கள் பதிவு செய்துவிட்டார்கள். வலு வேறு, ஆரோக்கியம் வேறு.

டிகிரி முதலாண்டு உடற்தகுதிப் பாடமும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. இதய நுரையீரல் தாங்குதிறன், தசை வலு, தசைத் தாங்குதிறன், நெகிழ்வு, உடலில் கொழுப்பின் பங்கு என்று உடற்தகுதியை ஐந்தாகப் பிரிக்கிறார்கள். பரீட்சைக்கு இதை ஒரு ராத்திரியில் மனப்பாடம் செய்துவிடலாம். உங்கள் உடம்பில் அவை எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்க்க ஒரு நோட்டு, ஒரு தையல் டேப், ஒரு போன் வேண்டும். ஜிம்முக்குப் பணம் கட்டுவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

காலையில் கண் விழித்ததும், எழுந்து உட்காருவதற்கு முன், மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரல் வைத்து நாடியை எண்ணுங்கள். கட்டைவிரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம், அதற்கே ஒரு துடிப்பு உண்டு. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். மூன்று காலைகளின் சராசரிதான் உங்கள் ஓய்வு நாடி.

அடுத்தது படி ஏறும் சோதனை. நியூயார்க்கின் குவீன்ஸ் கல்லூரியில் 1972இல், கல்லூரிப் பெண்களை வைத்தே உருவாக்கப்பட்டது. வீட்டு முற்றத்திலேயே செய்யலாம் என்பதால் எனக்குப் பிடித்த சோதனை இதுதான். நம் ஊர் மைதானங்களில் காலை நேரம் முழுக்கப் பையன்களின் ராஜ்ஜியம் என்பதைச் சொல்லவா வேண்டும்?

41 சென்டிமீட்டர் உயரத்தில் ஆடாத பெஞ்ச் அல்லது திண்ணை ஒன்றை டேப் வைத்து அளந்து கண்டுபிடியுங்கள். லைன் வீட்டு வாசல்படி போதாது. போனில் மெட்ரோனோம் செயலியைப் பெண்கள் 88, ஆண்கள் 96 என்று வையுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கால்: ஏறு, ஏறு, இறங்கு, இறங்கு. மூன்று நிமிடம் தாளம் தவறக்கூடாது. முடிந்ததும் உட்காராமல் நின்றபடியே 5 விநாடி விட்டு, அடுத்த 15 விநாடி நாடியை எண்ணி நான்கால் பெருக்குங்கள். உடம்பு ஒரு நிமிடத்தில், எடையின் ஒரு கிலோவுக்கு, அதிகபட்சம் எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் என்பதை அந்த எண்ணிலிருந்து கணக்கிடலாம். ஆண்களுக்கு 111.33இலிருந்து நாடியின் 0.42 மடங்கையும், பெண்களுக்கு 65.81இலிருந்து நாடியின் 0.1847 மடங்கையும் கழிக்க வேண்டும். நாடி 160 வந்த பெண்ணுக்கு விடை ஏறக்குறைய 36. அது மதிப்பீடுதான். பக்கத்து பெஞ்ச் தோழியின் எண்ணோடு ஒப்பிட்டு வருத்தப்பட வேண்டாம். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இந்தச் சோதனையில் இறங்காதீர்கள்.

மற்றவை சுலபம். முதுகு வளையாமல் எத்தனை தண்டால், காலை நீட்டி உட்கார்ந்தால் விரல் எதுவரை எட்டுகிறது, இடுப்புச் சுற்றளவு எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தியர்களுக்கு இடுப்பில் ஆண்கள் 90, பெண்கள் 80 சென்டிமீட்டரைத் தொட்டால் கவனம் தேவை.

இனிப் பயிற்சி. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைப் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை. மிதம் என்றால் எவ்வளவு? 220இலிருந்து வயதைக் கழியுங்கள். 18 வயதுக்கு 202. ஓய்வு நாடி 72 என்றால் இடைவெளி 130. அதில் 40 முதல் 59 சதவீதத்தை 72உடன் கூட்டினால் 124 முதல் 149 வரை வரும். வேகமாக நடக்கும்போது நாடி அதற்குள் இருக்கட்டும். எண்ண அலுப்பாக இருந்தால், பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே கணக்கு.

எங்கே நடப்பது என்பதில் மட்டும் நான் பிடிவாதக்காரன். சயனைடு மேடுகளின் பக்கம் வேண்டாம். சுரங்கம் 2001இல் மூடினாலும், அரைத்துத் தங்கம் எடுத்தபின் கொட்டிய மாவு போன்ற கழிவு அங்கேயே கிடக்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அது தெருவுக்குள் வருகிறது. மூச்சு வாங்க நடக்கிறவர் சும்மா நிற்பவரைவிடப் பல மடங்கு காற்றை உள்ளே இழுக்கிறார். தூசி பறக்கும் நாளில் வீட்டுக்குள் படி ஏறி இறங்குங்கள்.

தசைக்கு இரண்டு வாளி போதும். 10 லிட்டர் தண்ணீர் 10 கிலோ. ஒரு கைக்கு ஒரு வாளி, தோளைத் தூக்காமல், 30 அடி போய்த் திரும்புங்கள். மூன்று முறை சிரமமில்லாமல் முடிந்தால், அடுத்த வாரம் ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் கூட்டுங்கள். மெல்ல மெல்லச் சுமையை ஏற்றுவது என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். குடம் தூக்கிப் பழகிய பெண்கள் எப்போதும் ஒரே இடுப்பில் வைக்கிறார்கள், பக்கம் மாற்றுங்கள். வாளியோடு தண்டாலும் உட்கார்ந்து எழுவதும் சேர்த்தால் அரை மணி நேரம்.

சாப்பாட்டில் கோலார்க்காரர்களுக்கு ஒரு சாதகம், கேழ்வரகு. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு, ஆனால் புரதம் 7 கிராம் அளவுதான். களியோடு பருப்போ முட்டையோ மாட்டுக்கறியோ இருக்கட்டும். தூக்கம் 7 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கும் வீட்டில் எல்லாருமே அப்போதே விழித்துவிடுவார்கள். அந்த வீட்டுப் பிள்ளை போனை 9 மணிக்கே வைத்துவிட வேண்டும்.

எட்டு வாரம் கழித்து அதே பெஞ்ச், அதே நேரம், அதே தாளத்தில் மறுபடி சோதியுங்கள். நாடி குறைந்திருந்தால் நடையின் வேகத்தைக் கூட்டலாம். ஒழுங்காகப் பயிற்சி செய்தும் குறையவில்லை, படியேறினால் படபடக்கிறது, சோர்வு விடவில்லை என்றால் அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபின் பாருங்கள். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. ரத்தம் குறைவாக இருந்தால் முதலில் அதற்கு மருந்து, அதன்பின் வாளியில் அடுத்த லிட்டர்.