இரவில் விழிக்கும் குழந்தைக்குப் பால் போதவில்லையா?
மல்வேர்ன் பெற்றோருக்கான ஒரு பாடம்

பச்சிளங்குழந்தை பிறந்த வீட்டில் ஆலோசனைகளுக்குக் குறைவிருப்பதில்லை. பாட்டி ஒன்று கூறுவார். அயலவர் வேறொன்று கூறுவார். தொலைபேசியில் யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ மூன்றாவது கருத்து வரும். இவற்றுக்கிடையே இளந்தாய் பெரும்பாலும் ஒரே கேள்வியுடனேயே இரவைக் கழிக்கிறார்: "என் பால் குழந்தைக்குப் போதுமா?" இப்பாடம் அக்கேள்விக்கு விடை காணும் முறையை விளக்குகின்றது. பெற்றோர் தனித்தும், குழுவாக அமர்ந்தும் இதனைப் பயன்படுத்தலாம்.

இப்பாடத்தின் நோக்கங்கள்

1. குழந்தை இரவில் விழிப்பதற்கான காரணங்களை அறிதல்.
2. பால் போதுமானதா என்பதைச் சரியான அறிகுறிகளால் கணித்தல்.
3. பாதுகாப்பான உறங்குமிடத்தை அமைத்தல்.
4. எப்பொழுது, எவரிடம் உதவி கோர வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளுதல்.

ஓர் எடுத்துக்காட்டு

பின்வருவது பல வீடுகளில் காணப்படும் நிலைமைகளைத் தொகுத்து அமைக்கப்பட்டது.

மல்வேர்னில் வசிக்கும் ஓர் இளந்தாயின் குழந்தைக்கு ஐந்து வாரம். தந்தை பண்டகசாலையில் இரவு வேலை செய்கிறார். குழந்தை இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை விழித்து அழுகின்றது. மகளின் பேற்றுக்கென வந்திருக்கும் தாய், "உனக்குப் பால் காணாது பிள்ளை. ராவிலை ஒரு போத்தல் பால்மா குடுத்தால் குழந்தை நித்திரை கொள்ளும்" என்று கூறுகிறார். அன்பினால் சொல்லப்பட்ட சொல்லாயினும், மகளின் மனத்தில் அது குற்ற உணர்வாகவே தங்கிவிடுகின்றது.

அவர் பெற்றோர் கூடும் நிகழ்வொன்றுக்குச் சென்று இதனைக் கூறியபோது, அருகிலிருந்த மற்றொரு தாய், தமது மூத்த குழந்தையும் அவ்வாறே விழித்ததாகவும் அதன் நிறை குறையவேயில்லை என்றும் கூறினார். மூன்றாவது தாயோ, தமக்கு அத்தகைய தொல்லையே இல்லையென்றார். பிறந்து எட்டு நாளான அவருடைய குழந்தை அழுவதேயில்லை. ஐந்து, ஆறு மணித்தியாலம் தொடர்ந்து உறங்குகின்றது. டயப்பர் எத்தனை முறை நனைகின்றது என்று தாதி வினவினார். "நேற்று இரண்டு முறை" என்றார் அத்தாய். அன்றைய தினமே குழந்தையை மருத்துவரிடம் காட்டுமாறு தாதி அறிவுறுத்தினார்.

அங்கிருந்தோர் எவரும் எதிர்பாராதது இது. கவலைப்பட வேண்டிய குழந்தை அழுத குழந்தையன்று. அமைதியாக உறங்கிய குழந்தையே. போதிய பால் பெறாத பச்சிளங்குழந்தை சோர்வினால் அதிகம் உறங்கவும் கூடும். ஆகவே அழுகையையும் உறக்கத்தையும் மட்டும் கொண்டு பாலின் அளவைக் கணிக்க முடியாது.

குழந்தை ஏன் விழிக்கிறது?

பிறந்த குழந்தைக்கு இரவு பகல் வேறுபாடு தெரியாது. உடலின் உள்மணிக்கூடு ஒழுங்குக்கு வரச் சில மாதங்கள் செல்லும். கனடிய வழிகாட்டலின்படி, மூன்று மாதம் வரையான குழந்தைக்கு நாளொன்றுக்கு 14 முதல் 17 மணித்தியால உறக்கம் தேவை. நான்கு முதல் பதினொரு மாதம் வரை 12 முதல் 16 மணித்தியாலம் தேவை. ஆயினும் அது துண்டு துண்டாகவே அமையும்.

குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. முதல் நாளில் அது ஒரு செரிப்பழ அளவே இருக்கும். தாய்ப்பாலும் விரைவில் செரிக்கும். எனவே 24 மணித்தியாலத்தில் எட்டு முறையோ அதற்கு மேலோ பாலூட்டுவது இயல்பாகும். மாலை வேளைகளில் சில குழந்தைகள் அடிக்கடி பால் கேட்பதும் இயல்பே.

பால் சுரப்பதற்கான புரோலாக்ரின் என்னும் ஓமோன் இரவிலேயே மிகுதியாகச் சுரக்கின்றது. குழந்தை எவ்வளவு பால் அருந்துகிறதோ, அதற்கேற்ப மார்பு மீண்டும் பாலை உண்டாக்கும். ஆகவே தேவையின்றி இரவுப் பாலூட்டலை நிறுத்திப் போத்தல் கொடுத்தால், நாளடைவில் பால் உண்மையாகவே குறையலாம். "பால் காணாது" என்ற அச்சம் தானே மெய்யாகிவிடும் வழி இதுவே.

மருத்துவக் காரணத்தினாலோ குடும்பத்தின் தெரிவினாலோ பால்மா கொடுக்கும் தாய்மாரும் உள்ளனர். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. பேணியிலுள்ள அளவுமுறையைத் தவறாது பின்பற்ற வேண்டும். பால்மாவை மிச்சம்பிடிக்க நீர் கூட்டிக் கலத்தல் ஆபத்தானது. போத்தலைத் தலையணையில் சாய்த்துவைத்துப் பருகவிடுவதும் தகாது.

பால் போதுமா? டயப்பரும் நிறையும் கூறும் விடை

நனைந்த டயப்பர்: முதல் நாளில் குறைந்தது ஒன்று, இரண்டாம் நாளில் இரண்டு, மூன்றாம் நாளில் மூன்று, நான்காம் நாளில் நான்கு. ஐந்தாம் நாளிலிருந்து, 24 மணித்தியாலத்தில் நன்கு நனைந்து கனத்த டயப்பர் ஆறேனும் இருத்தல் வேண்டும்.

மலம்: முதலிரு நாட்கள் கறுப்பாக இருந்து, பின்னர் மஞ்சளாக மாற வேண்டும். ஐந்தாம் நாளளவில் நாளுக்கு மூன்று முறையேனும் போதல் எதிர்பார்க்கப்படுகின்றது. சில வாரங்களின் பின் இது குறையலாம்.

நிறை: பிறந்த முதல் சில நாட்களில் சிறிதளவு நிறை குறைவது இயல்பு. 10 முதல் 14 நாட்களுக்குள் பிறப்பு நிறையை மீண்டும் எட்ட வேண்டும். நான்காம் நாளின் பின் நாளொன்றுக்கு 20 முதல் 35 கிராம் வரை கூடுவது நல்ல அறிகுறியாகும். பிறப்பு நிறையை எட்டும் வரை, நீண்ட நேரம் உறங்கும் குழந்தையை எழுப்பியும் பாலூட்ட வேண்டும்.

பயிற்சி: ஒரு தாளில் மூன்று நாட்களுக்குப் பாலூட்டிய நேரம், நனைந்த டயப்பர், மலம், உறங்கிய நேரம் ஆகியவற்றைக் குறித்துவைக்கவும். இலங்கையில் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வந்து குழந்தையின் நிறையைப் பதிவதைக் கண்ட பாட்டிமாருக்கு இப்பழக்கம் புதிதன்று. அந்தத் தாளை அவர்களிடமே ஒப்படைத்தால், கருத்து வேறுபாடு கூட்டு முயற்சியாக மாறும்.

எதைக் கொடுக்கக் கூடாது?

முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பாலே போதுமான உணவு. நீர், சீனிநீர், கோரோசனை, உரைமருந்து முதலியன தேவையில்லை. தேன் தொட்டு நாவில் வைக்கும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. ஆனால் ஒரு வயது நிறையும் வரை தேன் சிறிதும் கொடுக்கலாகாது; பொட்டுலிசம் என்னும் கொடிய நோயை உண்டாக்கும் கிருமி வித்துகள் அதில் இருக்கக்கூடும். தாய்ப்பால் அருந்தும் குழந்தைக்கு நாள்தோறும் 400 அலகு விற்றமின் டி துளிகள் கொடுக்குமாறு கனடிய சுகாதாரத் துறை பரிந்துரைக்கின்றது.

ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் சோறு தீத்தும்போது, கஞ்சியுடன் மட்டும் நின்றுவிடலாகாது. இரும்புச்சத்து மிகுந்த பருப்பு, முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றையும் நன்கு மசித்துச் சேர்க்க வேண்டும்.

உறங்கும் இடம்

"குப்புறக் கிடத்தினால் நன்றாக நித்திரை கொள்ளும்" என்று மூத்தோர் கூறுவதுண்டு. ஒரு காலத்தில் மேற்கு நாடுகளின் மருத்துவர்களும் அவ்வாறே கூறினர். பின்னர் திடீர்க் குழந்தை மரணத்துக்கும் குப்புறக் கிடத்தலுக்கும் உள்ள தொடர்பு தெளிவாயிற்று. 1990களில் குழந்தையை மல்லாக்கக் கிடத்துமாறு கனடாவிலும் ஏனைய நாடுகளிலும் பரப்புரை செய்யப்பட்டது. அதன் பின்னர் அத்தகைய மரணங்கள் பெருமளவு குறைந்தன. எனவே பின்வருவனவற்றைக் கைக்கொள்ள வேண்டும்:

• பகலாயினும் இரவாயினும் குழந்தையை மல்லாக்கவே உறங்கவைத்தல்.
• முதல் ஆறு மாதங்களுக்குப் பெற்றோரின் அறையிலேயே தனித் தொட்டில் வைத்தல்.
• உறுதியான, தட்டையான மெத்தை, இறுக்கமான விரிப்பு. தலையணை, தடித்த போர்வை, பொம்மை எவையும் வேண்டாம்.
• குளிர்காலமாயினும் மிகையாகப் போர்த்தாமை. பெரியவருக்கு இதமான வெப்பநிலையே குழந்தைக்கும் போதும். போர்வைக்குப் பதிலாகத் தூக்கப்பை பயன்படுத்தலாம்.
• வீட்டினுள் எவரும் புகைபிடிக்காமை.

சேலையில் கட்டிய ஏணை தமிழ்க் குடும்பங்களின் நினைவோடு கலந்தது. ஆயினும் ஏணையில் உடல் வளைந்து, நாடி நெஞ்சில் படியும்போது மூச்சுவழி ஒடுங்கலாம். ஆகவே அது உறக்கத்துக்குப் பாதுகாப்பான தளமன்று. ஏணையோடு சேர்ந்து வந்த தாலாட்டையும் அணைப்பையும் கைவிட வேண்டியதில்லை. அவை தொட்டிலருகிலும் நிகழலாம். கார் இருக்கையில் உறங்கிவிட்ட குழந்தையை, வீடு சேர்ந்ததும் தொட்டிலுக்கு மாற்ற வேண்டும்.

உறவினரிடமிருந்து கைமாறி வரும் தொட்டிலில் தயாரித்த திகதியைப் பார்க்கவும். பக்கச்சட்டம் கீழிறங்கும் தொட்டில்களின் விற்பனை கனடாவில் 2016 டிசம்பர் முதல் தடைசெய்யப்பட்டுள்ளது.

களைத்த தாய் சோபாவில் அமர்ந்து பாலூட்டும்போதே உறங்கிவிடுவது மிகுந்த ஆபத்துடையது. குழந்தை மெத்தை இடுக்கில் சிக்கிக்கொள்ளலாம். இதனைத் தாயின் கவனக்குறைவு என்று கருதாமல், குடும்பம் வேலையைப் பங்கிட வேண்டிய அறிகுறியாகக் கொள்ள வேண்டும். பாலூட்டுவது தாயாயினும், டயப்பர் மாற்றுதல், ஏப்பம் விடச்செய்தல், தொட்டிலில் கிடத்துதல் ஆகியவற்றைத் தந்தையோ பாட்டியோ தாத்தாவோ ஏற்கலாம்.

அழுகை பொறுக்க முடியாதபோது

பல குழந்தைகளின் அழுகை ஆறாம் வார அளவில் உச்சத்தை அடைந்து பின்னர் தணியும். பொறுமை இழக்கும் நிலை வந்தால், குழந்தையைத் தொட்டிலில் பாதுகாப்பாகக் கிடத்திவிட்டுச் சில நிமிடங்கள் அறையை விட்டு வெளியேறலாம். எக்காரணம் கொண்டும் குழந்தையை உலுக்கலாகாது. அது மூளையைச் சிதைக்கும்.

தாயின் துயரமோ பதற்றமோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் கூற வேண்டும். அது சிகிச்சையால் குணமாகும் நோய், தாய்மையின் குறையன்று.

பகிர்ந்து பேசுதல் ஏன்?

1956இல் ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஏழு தாய்மார் ஒன்றுகூடித் தொடங்கிய லா லெச்சே லீக் இன்று பல நாடுகளில் இயங்குகின்றது. ஒரு தாயின் அனுபவம் மற்றொரு தாய்க்குத் துணையாகும் என்பதே அதன் அடிப்படை. மேற்கண்ட எடுத்துக்காட்டில், முதலாம் தாய்க்கு ஆறுதலும் மூன்றாம் தாய்க்கு எச்சரிக்கையும் ஒரே உரையாடலிலேயே கிடைத்தன. வீட்டிலேயே இருந்திருப்பின் இரண்டும் கிட்டியிரா.

உடனே மருத்துவ உதவி பெற வேண்டிய நிலைகள்

• மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 பாகை செல்சியசோ அதற்கு மேலோ காய்ச்சல்.
• டயப்பர் நனையாமை. பால் குடிக்க எழுப்ப முடியாத சோர்வு.
• தோலோ கண்ணோ மஞ்சளாதல் கூடிக்கொண்டே போதல்.
• மூச்சுவிடச் சிரமப்படுதல், உதடு நீலமாதல்: உடனே 911ஐ அழைக்கவும்.

உதவி பெறக்கூடிய இடங்கள்

• 811: ஒன்ராறியோவில் இரவு பகலாகத் தாதியுடன் பேசலாம்.
• ரொறன்ரோ பொதுச் சுகாதாரப் பிரிவு, 416-338-7600: பாலூட்டல் உதவி பற்றியும், தாதி வீட்டுக்கு வரும் இலவசத் திட்டம் பற்றியும் வினவலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேட்கவும்.
• ஏர்லிஒன் சிறுவர் குடும்ப நிலையங்கள்: ஆறு வயது வரையான பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இலவசம். அருகிலுள்ள நிலையத்தை அறிய 311ஐ அழைக்கவும்.
• மல்வேர்ன் பொது நூலகம், 30 சூவெல்ஸ் வீதி: குழந்தைகளுக்கான நிகழ்வுகள் பற்றிக் கேட்டறியலாம்.

கலந்துரையாடலுக்கான கேள்விகள்

1. உங்கள் குழந்தையின் டயப்பர் நேற்று எத்தனை முறை நனைந்தது?
2. இரவு வேலைகளில் எதனை வீட்டிலுள்ள மற்றொருவர் ஏற்கலாம்?
3. பாட்டி கூறிய வழக்கங்களில் எதனைத் தொடரலாம், எதனை மாற்ற வேண்டும்? அதனை அவர் மனம் நோகாமல் எவ்வாறு கூறுவீர்கள்?