கட்டியின் கணக்கும் உடல் எடையின் கணக்கும்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து வருவோர் எங்களிடம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். "ஜீன் பரிசோதனை எழுதியிருக்கிறார்களே, அப்படியானால் என் மகளுக்கும் இந்நோய் வருமா?" என்பது ஒன்று. "கீமோ உடம்பை உருக்கிவிடுமே, நன்றாகச் சாப்பிட்டு உடம்பைத் தேற்ற வேண்டாமா?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் உரிய விடையை இங்கே விளக்குகிறோம்.

இரு வேறு பரிசோதனைகள்

பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 போன்ற ஜீன்களில் பிறவியிலேயே மாற்றம் உள்ளதா என்பதை இரத்தத்தைக் கொண்டு அறிவது ஒரு பரிசோதனை. குடும்ப வழியாக நோய் வரும் வாய்ப்பைச் சொல்வது இதுவே. மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே இவ்வாறு மரபுவழி வருவன.

நோய் திரும்பும் வாய்ப்பைக் கணிக்கும் பரிசோதனை வேறு. அது அகற்றப்பட்ட கட்டியின் இயல்பை ஆராய்கிறது. மகளைப் பற்றியோ, பேத்தியைப் பற்றியோ அது எதுவும் சொல்வதில்லை. மணவயதில் பெண் இருக்கிறாள் என்று அஞ்சி இதனைத் தவிர்க்க வேண்டியதில்லை.

யாருக்கு இது பயன்படும்?

தொடக்க நிலையில் கண்டறியப்பட்டு, ஹார்மோன் ஏற்பி உள்ளதாகவும் ஹெர்-2 இல்லாததாகவும் அமைந்த கட்டிகளுக்கே இது பொருந்தும். ஆன்கோடைப் டிஎக்ஸ் என்னும் பரிசோதனை 21 ஜீன்களின் செயற்பாட்டை அளந்து 0 முதல் 100 வரை மதிப்பெண் தருகிறது. பெங்களூரில் உருவாக்கப்பட்ட கேன்அசிஸ்ட் பிரெஸ்ட், ஐந்து புரதங்களுடன் கட்டியின் அளவு, தரநிலை, நெறிக்கட்டின் நிலை ஆகியவற்றையும் சேர்த்துக் கணிக்கிறது.

2018-இல் வெளியான டெய்லர்எக்ஸ் ஆய்வில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்றனர். நெறிக்கட்டுக்குப் பரவாத நோயில், 50 வயதைக் கடந்து மதிப்பெண் 25 வரை உள்ளவர்களுக்குக் கீமோவால் கூடுதல் பயன் இல்லை என்றும், ஹார்மோன் மாத்திரையே போதும் என்றும் அது காட்டியது. 50 வயதும் அதற்குக் குறைவாகவும் உள்ளோரில், 16 முதல் 25 வரை மதிப்பெண் பெற்றவர்களுக்கு ஓரளவு பயன் காணப்பட்டது.

இதற்காக மீண்டும் ஊசி குத்தவோ கத்தி வைக்கவோ தேவையில்லை. அறுவையில் எடுத்த திசு மெழுகுக் கட்டியில் பதித்து வைக்கப்பட்டிருக்கும், அதுவே போதும். நாகர்கோவிலில் அறுவை முடித்துத் திருவனந்தபுரத்திலோ சென்னையிலோ சிகிச்சையைத் தொடர்வோர், நோய்க்கூற்று அறிக்கையுடன் அந்த 'பிளாக்'கையும் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

எடைக்கு இதில் என்ன இடம்?

இப்பரிசோதனைகளின் மதிப்பெண்ணில் உடல் எடை சேர்க்கப்படுவதில்லை. ஆயினும் மாதவிடாய் நின்றபின் கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கும் முக்கிய இடமாகிறது. உடற்பருமன் உள்ளோரிடம் நோய் திரும்புவது சற்று மிகுதி எனப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. ஆகவே மதிப்பெண் குறைவு என்பதால் எடையை மறந்துவிடலாகாது. எடை கூடியவர் மனம் உடையவும் வேண்டாம். எடை, நோயை உண்டாக்கும் பல காரணங்களுள் ஒன்றே. அது ஒருவர் செய்த குற்றம் அன்று.

இந்தியர்க்கு உடல் நிறை குறியீட்டெண் 23-ஐ எட்டினால் மிகை எடை, 25-ஐ எட்டினால் உடற்பருமன். 150 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 52 கிலோவும் 56 கிலோவும் அந்த எல்லைகள்.

கீமோ காலத்தில் பலருக்கு எடை குறைவதில்லை, கூடுகிறது. தேற்றுவதாக எண்ணி நாள்தோறும் ஏத்தங்காய் உப்பேரியும், தேங்காய்ப்பால் ஊற்றிய பாயசமும் ஊட்டுவது அன்புதான், பயன் தராது. மீன், முட்டை, பயறு, கீரை ஆகியன உடலைத் தேற்றும். மரச்சீனியைச் சிறிதளவே வைத்து, மீன்குழம்பில் மீனைக் கூட்டுங்கள். மருத்துவர் அனுமதித்தால் நாளும் அரைமணி நேரம் நடக்கலாம். சிகிச்சைக்கு நடுவே பட்டினி கிடந்து இளைக்க முயலாதீர்கள். கீமோ மருந்தின் அளவு உங்கள் உயரத்தையும் எடையையும் கொண்டே கணக்கிடப்படுவதால், ஒவ்வொரு முறையும் சரியான எடையைப் பதியச் செய்யுங்கள்.

அடுத்த வருகையில் மருத்துவரிடம் கேளுங்கள்: என் கட்டி எவ்வகை? எனக்கு இப்பரிசோதனை பொருந்துமா? இதன் முடிவு என் சிகிச்சையை மாற்றுமா? மாற்றாது எனில் அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். முடிவு எதுவாயினும், எழுதித்தந்த ஹார்மோன் மாத்திரையை ஒரு நாளும் தாமாக நிறுத்தாதிருப்பதே நோயைத் தடுக்கும் பெரிய காவல் என்பதை மறவாதீர்கள்.