பெல்ட் நம் உடம்புக்குப் பொருந்துதா?



தென்னை மரம் ஏறுவது இன்று பெண்களும் செய்யும் தொழில். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் தொடங்கிய ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ பயிற்சியில் பெண்களும் சேர்ந்து, கருவி மூலம் ஏறக் கற்றார்கள். ஆனால் பாதுகாப்பு பெல்ட் வாங்கும்போது நாம் விலையைப் பார்க்கிறோம், அளவைப் பார்ப்பதில்லை. பெல்ட் தொளதொளன்னு இருந்தால், தலைகீழாகச் சாயும்போது உடம்பு நழுவிவிடும்.

இடுப்பையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட்டே நல்லது. வாங்கும்போது கவனிப்போம்:

1. மரம் ஏறும் உடையிலேயே இடுப்பையும் தொடையையும் டேப்பால் அளந்து, பெல்ட்டில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிட வேண்டும்.

2. இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே நிற்க வேண்டும். கீழே இழுத்தால் இறங்கக் கூடாது.

3. தொடைப் பட்டைக்குள் உள்ளங்கை தட்டையாக நுழையும் இடம் போதும்.

4. இறுக்கிய பிறகு, பக்கிளைத் தாண்டி மூன்று அங்குலமாவது வார் மிச்சம் இருக்க வேண்டும்.

5. தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு தொங்கிப் பார்க்க வேண்டும்.

கடைசி வரை இறுக்கியும் தளர்வா இருந்தா, அது நம் அளவு இல்லை. புது ஓட்டை போட்டாலோ முடிச்சுப் போட்டாலோ வாரின் பலம் குறையும். உள்ளே துணி சுற்றினால் பட்டை நழுவும்.

குழுப் பணத்தில் பொதுவாக ஒரு பெல்ட் வாங்கினால், நம்மில் ஒல்லியான சகோதரிக்குப் போட்டுப் பார்த்தே வாங்குவோம். “சின்ன அளவு இருக்கா?”ன்னு கடையில் கேட்கக் கூச்சம் வேண்டாம். கிடைக்கும் வரை காத்திருப்போம். தேங்காய் நாளைக்கும் பறிக்கலாம், உயிர் ஒன்றுதானே!