விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு ஏற மறுக்கிறதா?

ஓ.எஸ். லேபுக்கு லினக்ஸ் வேணும். லேப்டாப்பில் இருப்பதோ விண்டோஸ். சரி, விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு போடலாம்னு ஆரம்பித்தால் பாதியில் எரர் வருகிறது. உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம். அதே எரர் திரும்பவும் வரும்! ஏன்னா கோளாறு பெரும்பாலும் உபுண்டுவில் இல்லை, அதற்குக் கீழே உள்ள அடுக்குகளில் இருக்கிறது. அதனால் கீழிருந்து மேலாகப் பார்ப்போம்.

1. பிராசசர்

டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் சி.பி.யு.வைக் கிளிக் செய்யுங்க. 'விர்ச்சுவலைசேஷன்: டிசேபிள்டு' என்று இருந்தால் 64 பிட் உபுண்டு ஓடாது. பயாஸுக்குள் போய், இன்டெல் என்றால் 'விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி', ஏ.எம்.டி. என்றால் 'எஸ்.வி.எம். மோடு' என்பதை எனேபிள் செய்யணும்.

ஒரு எச்சரிக்கை: பிட்லாக்கர் இயங்கும் லேப்டாப்பில் பயாஸை மாற்றினால், அடுத்த முறை ஆன் செய்யும்போது 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கலாம். அதை முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. விண்டோஸ்

விர்ச்சுவல் மெஷின் ரொம்ப மெதுவாக ஓடுகிறதா? அதன் ஜன்னலின் கீழ் ஓரத்தில் பச்சை ஆமைப் படம் தெரிந்தால், ஹைப்பர்-வி பிராசசரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் இரண்டிலும் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்து பாருங்க. டபிள்யூ.எஸ்.எல். 2 பயன்படுத்துபவர்கள் கவனிக்க: அது வேலை செய்யாமல் போகும்.

3. மெஷின் செட்டிங்ஸ்

உபுண்டு 24.04 டெஸ்க்டாப்புக்கு 4 ஜி.பி. ராம், 25 ஜி.பி. டிஸ்க் தேவை. உங்களிடம் மொத்தமே 8 ஜி.பி. ராம் என்றால் 4-க்கு மேல் கொடுக்காதீங்க, விண்டோஸ் மூச்சுத் திணறும். திரை கறுப்பாகவே நின்றால் வீடியோ மெமரியை 128 எம்.பி. ஆக்கி, 3டி ஆக்சிலரேஷனை நிறுத்திப் பாருங்க.

4. இன்ஸ்டாலர்

'டிஸ்க்கை அழித்து உபுண்டுவை நிறுவு' என்ற வரியைப் பார்த்துப் பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். விர்ச்சுவல் மெஷினுக்குள் அது அழிப்பது, நீங்கள் உருவாக்கிய விர்ச்சுவல் டிஸ்க்கை மட்டும்தான். உங்கள் விண்டோஸைத் தொடாது. ஆனால் பென்டிரைவிலிருந்து லேப்டாப்பை நேரடியாக பூட் செய்து அதே வரியைத் தேர்ந்தெடுத்தால், புராஜெக்ட், போட்டோ, விண்டோஸ் எல்லாமே போய்விடும். எங்கே நின்று அழுத்துகிறோம் என்பதுதான் முக்கியம்.

நிறுவி முடித்த பிறகும் இன்ஸ்டாலரே திரும்ப வந்தால், 'ஸ்டோரேஜ்' பகுதியில் ஐ.எஸ்.ஓ. கோப்பை நீக்கிவிடுங்க.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். அப்போதுதான் எது சரிசெய்தது என்று தெரியும். எல்லாம் ஓடியதும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். லேப் எக்ஸாமுக்கு முந்தின இரவு ஏதாவது கெட்டுப்போனாலும் ஒரே கிளிக்கில் பழைய நிலைக்குத் திரும்பலாம்!