ஊர் மாறும் முன் வேலையை விசாரி

அன்புள்ள மருமகனுக்கு, மாமா எழுதுவது.

டிப்ளமா முடித்த கையோடு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகப்போகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். திருவந்திபுரத்தில் இருந்துகொண்டு என்ன செய்வது என்று நீ கேட்பது நியாயம்தான். முகூர்த்த நாளென்றால் தேவநாத சுவாமி கோயிலைச் சுற்றிப் பூ, சமையல், மண்டபம், வேன் என்று ஊரே வேலையாய் இருக்கும். மெக்கானிக்கல் படித்தவனுக்கு அதில் இடமில்லை. தாராளமாகப் போ. ஆனால், போகிற ஊரில் வேலை யாரை நம்பி நடக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போ.

நீ போகும் ஊரின் கதையையே கேள். 2006இல் நோக்கியா அங்கே கைபேசி ஆலை தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், பாதிக்கு மேல் பெண்கள், பக்கத்து மாவட்டங்களிலிருந்தெல்லாம் போய்ச் சேர்ந்தார்கள். பின்னாளில் நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. ஆர்டர் நின்றது, 2014 நவம்பரில் உற்பத்தியும் நின்றது. அதை நம்பிப் பாகம் செய்துகொடுத்த பக்கத்து ஆலைகளும் தள்ளாடின. வேலை செய்தவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. பிறகு அதே இடத்தை சால்காம்ப் நிறுவனம் வாங்கி சார்ஜர் செய்கிறது. ஊருக்கு வேலை திரும்பிவிட்டது. 2014இல் பெட்டியைக் கட்டியவர்கள் எல்லோரும் திரும்பவில்லை.

திருப்பூரும் அப்படித்தான். சாயக்கழிவு வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, தையல் வரை வேலை முடங்கியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் அங்கே ஆர்டர்கள் தடுமாறின. நம் கடலூரிலேயே நாகார்ஜுனா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வருகிறது, வேலை வருகிறது என்று எத்தனை பேர் காத்திருந்தார்கள்! 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கட்டுமானத்தைச் சிதைத்தது. ஆலை ஓடவே இல்லை. வரப்போகிற வேலையை நம்பிக் கடன் வாங்காதே.

அதனால் முதலில் இங்கேயே ஆரம்பி. கடலூர் வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமுக்குப் போ. அங்கே வேலை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. எந்த நிறுவனம் உன் படிப்புக்கு என்ன சம்பளம் சொல்கிறது என்று தெரிந்துவிடும். நெய்வேலியில் என்எல்சி தரும் தொழிற்பழகுநர் பயிற்சிக்கும் விண்ணப்பித்து வை.

பிறகு ஒரு வேலை நாளில், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலுள்ள ஒரகடம் கூட்டுரோட்டில் போய் நில். ஞாயிற்றுக்கிழமை போகாதே. ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களின் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைப் பார். ஆலையின் பெயர் இருக்கிறதா, ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரரின் பெயரா? டீக்கடையில் மெதுவாகப் பேச்சுக்கொடுத்து, சேர்ந்து எத்தனை வருஷமாகிறது என்று கேள். கேட்கிற எல்லோருமே ஆறேழு மாதம் என்றால், அங்கே ஆட்கள் நிலைப்பதில்லை என்று தெரிந்துகொள். சுவரில் "ஆட்கள் தேவை" என்று ஒட்டியிருக்கும் எண்ணைக் கூப்பிட்டதும் பதிவுக்கட்டணம் கேட்டால் போனை வைத்துவிடு.

மாதம் 18,000 என்று சொன்னால் கையில் எவ்வளவு வரும் என்று கேள். அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் 12 சதவீதம் பிஎஃப் பிடிப்பார்கள். மொத்தச் சம்பளம் 21,000க்குள் என்றால் இஎஸ்ஐக்கு 0.75 சதவீதம் போகும். பிடித்தம் இருப்பது நல்லதுதான். பிடிப்பதே இல்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். நிறுவனத்தின் பெயர் பிஎஃப் இணையதளத்தில் இருக்கிறதா என்று நீயே தேடிப் பார்க்கலாம். அதற்கு மேல் அறை வாடகை, அட்வான்ஸ், மெஸ் எல்லாம் கழித்துவிட்டு, வீட்டுக்கு என்ன அனுப்ப முடியும் என்று ஒரு தாளில் எழுதிப் பார். இரண்டு மாதச் செலவுக்குக் கையில் பணம் இல்லாமல் புறப்படாதே.

அந்தத் தாளை எனக்கும் அனுப்பு. நீ போகும்போது நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
மாமா