ஆற்று மணலில் பாலத் தூண்கள்

மணற்பாங்கான நிலத்தில் உறை கிணறு இறக்கும் முறை தமிழ்நாட்டினர் நெடுங்காலமாக அறிந்ததாகும். சுட்ட மண் உறையை மணல்மீது அமர்த்தி, உள்ளேயிருக்கும் மணலைத் தோண்டியெடுக்க, உறை கீழிறங்குகிறது; அதன்மேல் அடுத்த உறை வைக்கப்படுகிறது. விக்டோரியா மகாராணியின் காலத்தில் இந்தியப் பேராறுகளுக்குக் குறுக்கே ரயில் பாலங்கள் அமைத்த பொறியியலார் கையாண்ட முறையும் தத்துவத்தில் இதுவே. வேறுபாடு அளவில்தான் உள்ளது.

கோடையில் நீர் வற்றியிருக்கும்போது தூண் நிற்கவேண்டிய இடத்தில், கீழ்விளிம்பு கூர்மையாக அமைந்த இரும்பு வளையம் ஒன்று மணலில் அமர்த்தப்படும். நீர் வற்றாத இடமாயின் முதலில் மணலைக் கொட்டித் திட்டு அமைப்பர். வளையத்தின்மேல் செங்கல்லாலோ கருங்கல்லாலோ தடித்த சுவர் எழுப்பப்படும். உள்ளேயுள்ள மணல், வாய் திறந்து மூடும் பெரிய இரும்பு வாளிகளால் அள்ளப்படும். கிணறு இறங்க மறுத்தால் அதன் தலையில் தண்டவாளங்களை அடுக்கிப் பாரமேற்றுவர். ஒருபுறம் களிமண்ணும் மறுபுறம் தளர்ந்த மணலும் அமைந்துவிட்டால் கிணறு சாயும். அதனை நிமிர்த்துவது மிகக் கடினமான வேலை. உரிய ஆழத்தை அடைந்ததும் நீருக்குள்ளேயே காங்கிரீட் இட்டு அடிவாயை அடைத்து, உட்புறத்தை மணலால் நிரப்பி, மேலே தூணைக் கட்டுவர்.

இதே காலத்தில் ஸ்காட்லாந்தில் போர்த் பாலத்தின் (1882–1890) அடித்தளங்கள் சிலவற்றுக்கு, அழுத்தப்பட்ட காற்றினால் நீரை வெளியேற்றி, அறைக்குள் மனிதரே இறங்கித் தோண்டினர். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுவதால், அம்முறை தொழிலாளரின் உயிருக்கு ஆபத்தானது. சுமார் 35 மீட்டருக்குக் கீழே செல்வது அரிது. திறந்த கிணற்றுக்கு இவ்வரம்பு இல்லை.

ஆயின் எவ்வளவு ஆழம் போதும்? சுமையைத் தாங்கும் வலிமை மட்டுமே வேண்டுமாயின், இறுகிய மணலில் சில மீட்டர்களே போதுமானவை. ஆழத்தை உண்மையில் நிர்ணயிப்பது வெள்ளமாகும். ஓடிவரும் நீர் தூணின் முகத்தில் மோதிக் கீழ்நோக்கித் திரும்பி, சுழலாகச் சுருண்டு, தூணின் அடியிலுள்ள மணலைப் பறித்தெடுக்கிறது. வெள்ளம் வடியும்போது அக்குழியில் மணல் மீண்டும் நிரம்பிவிடுகிறது. கோடையில் பார்ப்பவருக்கு அங்கே குழி இருந்த அடையாளமே தென்படாது. 1870-களில் பஞ்சாபின் ஆறுகளில் போதிய ஆழமின்றி நின்ற தூண்கள் வெள்ளத்தில் சேதமுற்றதற்குக் காரணம் இதுவே.

அந்த அனுபவத்துக்குப் பின்னர் கிணறுகள் மிக ஆழமாக இறக்கப்பட்டன. காசியில் கங்கையின்மீது வால்டன் என்பாரின் தலைமையில் கட்டப்பட்டு 1887-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டப்ரின் பாலத்தின் (இப்போது மாளவியா பாலம்) கிணறுகள் 100 அடிக்கும் கீழே சென்றன. அவரே ராஜமுந்திரியில் கோதாவரியின்மீது, 1900-இல் திறக்கப்பட்ட ஹாவ்லாக் பாலத்தையும் அமைத்தார். 56 கண்களைக் கொண்ட அப்பாலம் 1997 வரை ரயில்களைச் சுமந்தது. ஆற்றைப் பாலத்துக்கு நேராகச் செலுத்தும் வழிகாட்டிக் கரைகளைப் பற்றி 1903-இல் விரிவாக எழுதியவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். கணித மேதை இராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராயிருந்தபோது அதன் தலைவராயிருந்து ஆதரித்தவரும் இவரே.

இருப்பினும், அரிப்பின் ஆழம் அனுபவத்தால் மதிப்பிடப்பட்டதேயன்றிக் கணிக்கப்படவில்லை. அதற்கு வழிகோலிய இடங்களுள் முதன்மையானது புனே. 1916-இல் பம்பாய் மாகாண அரசு தொடங்கிய சிறு பாசன ஆராய்ச்சிப் பிரிவு, பின்னர் கடக்வாஸ்லா ஏரியின் அருகே வளர்ந்து, 1930-களின் பிற்பகுதியில் மத்திய அரசின் பொறுப்புக்கு வந்தது. அதன் இயக்குநர் இங்கிலிஸ், ஆறுகளையும் பாலங்களையும் சிறிய மாதிரிகளாக அமைத்து ஆராய்ந்தார். கங்கையின் கீழ்ப்பகுதியில் அமைந்த ஹார்டிஞ்ச் பாலத்தின் வழிகாட்டிக் கரை 1933-இல் உடைந்தபோது, அதன் மாதிரியும் இங்கு அமைக்கப்பட்டது.

மாதிரிகளில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஆற்றை நூறில் ஒரு பங்காகச் சுருக்கலாம். மணல் துகளை அவ்வாறு சுருக்கினால் அது மணலாக நடந்துகொள்ளாமல் களியாகிவிடும். எனவே இங்கிலிஸ், 17 பாலங்களில் வெள்ளக் காலத்தில் உண்மையாகவே அளக்கப்பட்ட ஆழங்களைத் திரட்டி ஒப்பிட்டார். லேசி என்பவர் 1930-ஐ ஒட்டி வெளியிட்ட வாய்பாட்டால் கிடைக்கும் ஆழத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு, தூணின் முகத்தில் அரிப்பு ஏற்படுகிறது என்பது அவர் கண்ட முடிவு. இவ்வாழம் வெள்ள மட்டத்திலிருந்து கணக்கிடப்படுவது.

உதாரணமாக, நொடிக்கு 30,000 கன மீட்டர் வெள்ளம் பாயும் ஆறு ஒன்றைக் கொள்க. மணல் துகளின் விட்டம் சுமார் 0.32 மில்லிமீட்டர் எனின், வண்டல் எண் 1 ஆகும். 30,000-இன் கனமூலம் 31, அதை 0.473-ஆல் பெருக்க 14.7 மீட்டர் வருகிறது. இரு மடங்கு 29.4 மீட்டர். வெள்ளம் அவ்வளவு அரித்த பின்னும் கிணறு அசையாதிருக்க, அதில் மூன்றிலொரு பங்கு கூடுதலாக மணலில் புதைந்திருத்தல் வழக்கம். ஆகவே கிணற்றின் அடி, வெள்ள மட்டத்திலிருந்து சுமார் 39 மீட்டர், அதாவது 128 அடி ஆழத்தில் இருத்தல் வேண்டும். வாய்பாடு எதுவுமின்றிக் காசியில் கிணறு இறக்கியவர்களின் துணிவு மிகையானதன்று என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

பழைய பாலங்களைப் பேணுவோர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. தூணின் அடியில் ஆழம் பார்ப்பது வெள்ளம் ஓடும்போதே நடைபெறவேண்டும். நீர் வடிந்தபின் எடுக்கும் அளவு, குழியில் மீண்டும் நிரம்பிய தளர்ந்த மணலின் மேற்பரப்பை மட்டுமே காட்டும்.