மாறும் பக்கங்களைப் பின்தொடர்தல்

நம் பள்ளியின் முன்தாழ்வாரத்து அறிவிப்புப் பலகையை அறியாதவர் யார்? காலையில் வந்ததும் அதன் முன் நின்று, நேற்று இருந்தவை எவை, இன்று புதிதாக ஒட்டப்பட்டவை எவை என்று தேடுகிறோம். பலகை ஒன்றாக இருக்கும்வரை இது எளிது. ஊரெங்கும் இருபது பலகைகள் இருந்து, அவற்றில் எழுதவும் அழிக்கவும் எல்லாருக்கும் உரிமை உண்டு என்றால் என்ன செய்வது? பலகை பலகையாக ஓடவேண்டியதுதான். விக்கிப்பீடியா என்னும் கூட்டு முயற்சிக் கலைக்களஞ்சியத்தில் எழுதத் தொடங்கியபோது எங்கள் கணினி மன்றத்தினர் பட்ட பாடு இதுவே. அந்த ஓட்டத்தை நிறுத்திய ஒரு கருவியைப் பற்றித் தோழியருக்குச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் 'விக்கி' என்ற சொல்லைப் பார்ப்போம். ஹவாய்த் தீவுகளின் மொழியில் இதற்கு 'விரைவு' என்று பொருள். ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய 'விக்கி விக்கி' என்னும் பேருந்தின் பெயரை நினைவில் வைத்திருந்தார் அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம். படிப்பவரே திருத்தக்கூடிய தளம் ஒன்றை 1995ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் அவர் தொடங்கியபோது, அப்பெயரையே அதற்குச் சூட்டினார். 2001 ஜனவரி 15இல் ஆங்கில விக்கிப்பீடியாவும், 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவும் பிறந்தன. இவற்றில் ஒவ்வொரு பக்கத்திற்கும் 'வரலாறு' என்றொரு பகுதி உண்டு. எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தச் சொல் நீக்கப்பட்டது, எது சேர்க்கப்பட்டது என்பதெல்லாம் அங்கே பதிவாகிக் கிடக்கும். ஆனால் நாம் போய்ப் பார்த்தால்தானே தெரியும்?

பாராமல் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. ஜான் சீகன்தாலர் என்பவர் அமெரிக்காவின் மதிப்பு வாய்ந்த பத்திரிகையாளர். இளமையில் ராபர்ட் கென்னடியின் உதவியாளராகப் பணியாற்றியவர். அவர் மறைந்தபோது சவப்பெட்டியைச் சுமந்தவர்களுள் ஒருவர். 2005ஆம் ஆண்டு மே மாதம் யாரோ ஒருவர், கென்னடி சகோதரர்களின் கொலையில் இவருக்கே தொடர்பிருந்ததாக ஒரு காலத்தில் கருதப்பட்டது என்று விக்கிப்பீடியாவில் எழுதி வைத்துவிட்டார். முழுப் பொய்! நான்கு மாதங்களுக்கு மேல் அது அங்கேயே இருந்தது. எழுபத்தெட்டு வயதில் அந்தப் பெரியவர் அடைந்த வேதனையை அவர் பத்திரிகையில் எழுதிய பிறகே உலகம் அறிந்தது. அதன்பின் ஆங்கில விக்கிப்பீடியாவில் பெயர் பதியாதவர்கள் புதுப் பக்கம் தொடங்குவதற்குத் தடை வந்தது. தடை நல்லதுதான். எனினும் அந்தப் பக்கத்தை அன்றாடம் பின்தொடரும் ஒரே ஒருவர் இருந்திருந்தால், பொய்யின் ஆயுள் ஒரு நாளாகக் குறைந்திருக்கும் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

இனிக் கருவிக்கு வருவோம். ஒரு தளத்தில் அண்மையில் சேர்ந்தவற்றை மட்டும், தலைப்பு, நேரம், சுருக்கம் என்ற ஒழுங்கில் எழுதி வைக்கும் கோப்புக்குச் 'செய்தியோடை' என்று பெயர். இதை மனிதர் படிப்பதற்காக அன்றி, மற்றொரு நிரல் படிப்பதற்காகவே எழுதி வைக்கிறார்கள். அவ்வாறு படிக்கும் நிரலே ஃபீட் ரீடர். தமிழில் 'திரட்டி' என்கிறார்கள். தளம் நம் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. திரட்டிதான் குறித்த இடைவெளியில் போய்ப் பார்த்து, முன்பு கண்டவற்றைத் தள்ளிவிட்டு, புதியதை மட்டும் கொண்டுவருகிறது. இருபது பலகைகளுக்கும் நம் சார்பில் நடந்துபோய், புதிதாக ஒட்டியதை மட்டும் எழுதிவரும் சுறுசுறுப்பான வகுப்புத் தலைவி என்று இதைக் கொள்ளலாம்.

ஆர்.எஸ்.எஸ். எனப்படும் ஓடை முறை 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவாயிற்று. அதை வகுத்த இருவருள் ஒருவரான ராமநாதன் குஹா, சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயின்றவர். அடுத்த ஆண்டில் அம்முறையின் 1.0 பதிப்பை எழுதிய குழுவில் ஆரன் சுவார்ட்ஸ் என்னும் சிறுவரும் இருந்தார். அப்போது அவருக்கு வயது 14! நம் ஒன்பதாம் வகுப்பு மாணவியரின் வயது. 2005இல் 'ஆட்டம்' என்னும் இன்னொரு முறையும் தரமாக வெளியிடப்பட்டது. (அணு என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல் இது, நம் ஆட்டம் பாட்டம் அன்று.) பலரும் பயன்படுத்திய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1ஆம் நாள் மூடப்பட்டபோது ஓடைகளின் காலமே முடிந்தது என்றார்கள். அப்படி ஒன்றும் ஆகிவிடவில்லை. ஃபீட்லி, இனோரீடர் போன்றவை இருக்கின்றன. கணினியில் அஞ்சல் படிக்கும் தண்டர்பேர்டு நிரலிலும் இந்த வசதி உண்டு.

செய்முறை சிறியது. விக்கிப்பீடியாவில் வேண்டிய கட்டுரையைத் திறந்து 'வரலாறு' பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே கருவிகளின் வரிசையில், ஆங்கில எழுத்தில் 'ஆட்டம்' என்றிருக்கும். அந்த இணைப்பின் முகவரியைப் படியெடுத்துத் திரட்டியில் சேர்த்துவிட்டால் முடிந்தது. அதன்பின் அக்கட்டுரையில் ஒரு காற்புள்ளி மாறினாலும், பழைய வரியும் புதிய வரியும் அருகருகே நம் முன் வந்து நிற்கும். கட்டுரைக்குரிய உரையாடல் பக்கத்திற்குத் தனி வரலாறு உண்டு; அதன் ஓடையையும் சேர்க்க மறவாதீர்கள். நாங்கள் முதலில் மறந்தோம்.

பெற்றோர் கவனத்திற்கு ஒன்று: இதற்காக விக்கிப்பீடியாவில் பெயரோ மின்னஞ்சலோ பதியத் தேவையில்லை. கணக்கு உடையவர்களுக்குக் 'கவனிப்புப் பட்டியல்' என்ற வசதி தனியே உண்டு. அந்தப் பட்டியலின் ஓடை முகவரியில் மட்டும் இரகசியக் குறியீடு ஒன்று அடங்கியிருக்கும். அதைத் தோழியிடம்கூடக் கொடுக்கக் கூடாது. மேலும், ஆர்வ மிகுதியால் ஆங்கில விக்கிப்பீடியாவின் 'அண்மைய மாற்றங்கள்' முழுவதற்கும் ஓடை வைத்துவிடாதீர்கள். எங்களுள் ஒருத்தி வைத்தாள். ஏரி உடைந்தாற்போல் வந்து கொட்டியது! ஓடையில் கடைசிச் சில மாற்றங்கள் மட்டுமே நிற்கும் என்பதும் நினைவிருக்கட்டும். விடுமுறை கழித்து வந்தால் வரலாற்றையே புரட்டவேண்டும்.

ஏரி என்றதும் எங்கள் கதை நினைவுக்கு வருகிறது. ஊர்ப் பெரிய ஏரியைப் பற்றி நாங்கள் எழுதிய கட்டுரையில், கரையிலிருந்த பழைய பலகையைப் பார்த்து, 'மதகுகள் 7' என்று குறித்திருந்தோம். ஒரு நாள் காலை திரட்டியில் ஒரு வரி: பெயர் பதியாத யாரோ 7ஐ 9 ஆக்கியிருந்தார். சான்று எதுவும் தரவில்லை. எங்களுக்கு வந்ததே கோபம்! சீகன்தாலர் கதையை அந்த வாரம்தான் படித்திருந்தோம். உடனே பழையபடி மாற்ற முனைந்தோம். 'விஷமம்' என்று காரணமும் தட்டச்சாகிவிட்டது. பொத்தானை அழுத்துவதே பாக்கி. "போய் எண்ணிப் பார்த்தீர்களா?" என்று கேட்டார் எங்கள் கணினி ஆசிரியை.

சனிக்கிழமை எங்களுள் மூவர், ஒருத்தியின் தந்தையாருடன் கரை நெடுக நடந்தோம். ஏழுதான் கண்ணில் பட்டன. வெற்றிக் களிப்புடன் திரும்பும்போது, மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "என்னம்மா எண்ணுறீங்க?" என்றார். சொன்னோம். சிரித்துக்கொண்டே சீமைக்கருவேல முட்களைக் கோலால் விலக்கி, மண் மூடிக் கிடந்த இரண்டு மதகுகளைக் காட்டினார். அவர் சிறுவராயிருந்த நாளில் அவற்றின் வழியே தண்ணீர் பாய்ந்ததாம்.

கண்ணால் கண்டாயிற்று, ஆயினும் நாங்கள் கண்டோம் என்பது கலைக்களஞ்சியத்திற்குச் சான்றாகாது, அச்சில் வந்த ஆதாரம் வேண்டும் என்றார் ஆசிரியை. எனவே உரையாடல் பக்கத்தில், 'ஒன்பது என்பதற்கு நூல் ஆதாரம் உண்டா?' என்று பணிவாகக் கேட்டு எழுதினோம். தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்துச் சலித்த பிறகே, அதற்கும் ஓடை உண்டே என்ற நினைவு வந்தது. அதைச் சேர்த்த மூன்றாம் நாள் பதில் வந்தது: ஒரு பழைய மாவட்ட நூலின் பெயரும் பக்க எண்ணும். நூலகத்தில் கேட்டோம். கடைசி அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து சிஸ்டர் அதைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். ஒன்பதேதான்.

அந்த எண்ணுக்கு அடியில் மேற்கோள் சேர்த்தோம். உரையாடல் பக்கத்தில் நன்றியும், நாங்கள் எழுதாமல் விட்ட 'விஷமம்' என்ற சொல்லுக்கு மன்னிப்பும் எழுதினோம். இந்த மலர் அச்சுக்குப் போகும் நாளன்று காலையிலும் திரட்டியைத் திறந்தோம். ஒரு புதிய வரி காத்திருந்தது. யாரோ ஏரியின் படம் ஒன்றைச் சேர்த்திருக்கிறார். முட்புதருக்குப் பின்னே எட்டாம் மதகின் கல் தெரிகிறது.